மேடு ஏறினால் இளைப்பு: நுரையீரலா, இதயமா?

கேள்வி: 2021 மே மாதம் என் கணவருக்குக் கொரோனா கடுமையாகி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். வயது 48, தொழில் ரப்பர் பால்வெட்டு. இன்றும் தோட்டத்து மேட்டில் ஏறினால் இளைப்பும் படபடப்பும் வருகின்றன. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 97 காட்டுகிறது, எல்லாம் மனப்பயம் என்கிறார்கள். உண்மைதானா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: அந்த 97 அவர் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு, தொல்லையோ மேடு ஏறும்போது வருகிறது. ஆகவே மருத்துவர் முன்னிலையில் 6 நிமிடம் நடக்கச் செய்து, ஆக்சிஜனையும் நாடித்துடிப்பையும் குறிக்கும் சோதனையை முதலில் கேளுங்கள். நடையில் ஆக்சிஜன் 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், மனப்பயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடுமையான கொரோனாவில் நுரையீரல் காற்றறைகளின் மெல்லிய சுவர் அழற்சியால் தடித்து, சிலருக்குத் தழும்பாகிவிடுவதால், ஓய்வில் போதுமான அளவு இரத்தத்தில் சேரும் ஆக்சிஜன், இரத்தம் விரைந்தோடும் உழைப்பு நேரத்தில் போதாமல் போகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் இது தப்பிவிடலாம்; நுண் சி.டி. ஸ்கேனிலும், வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் டி.எல்.சி.ஓ. சோதனையிலும் தெரியும். பலருக்கு இப்பாதிப்பு முதல் ஓராண்டிலேயே பெருமளவு குறைந்துவிடுகிறது; உங்கள் கணவருக்கு அந்தக் காலம் கடந்துவிட்டதால் இனியும் காத்திருப்பதில் பொருளில்லை.

இதயத்தையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் கொரோனா வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களை ஆராய்ந்து 2022இல் வெளியான முடிவுகள், தொற்றுக்குப் பிந்தைய ஓராண்டில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சீரற்ற துடிப்பு ஆகியவற்றின் வாய்ப்பு கூடியிருந்ததையும், தீவிர சிகிச்சை பெற்றோரிடம் அது மிக அதிகம் என்பதையும் காட்டின. நுரையீரல் இரத்தக் குழாயில் அன்று உண்டான உறைந்த இரத்தக்கட்டி கரையாமல் தங்கி, இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமையேற்றுவதும் உண்டு. அதற்கான தடயத்தை, இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோ காட்டக்கூடும். எக்கோவுடன் இ.சி.ஜி.யும், 24 மணி நேரத் துடிப்புப் பதிவும் எடுத்துவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய டிஸ்சார்ஜ் தாளையும் ஸ்கேன் படங்களையும் மறவாமல் கொண்டுபோங்கள்.

எல்லாப் பழியையும் கொரோனாவின் தலையில் போடுவதும் சரியல்ல. 48 வயதில் இதயக் குழாய் அடைப்பு தானாகவே வரலாம். அன்று கொடுத்திருக்கக்கூடிய ஸ்டீராய்டு பலருக்குச் சர்க்கரையைக் கூட்டியது. இரத்தசோகையும் இளைப்பைத் தரும். சர்க்கரை, ஹீமோகுளோபின் இரண்டையும் பாருங்கள். இருமலும் சேர்ந்திருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் தேவை.

முடிவுகள் வரும்வரை அவர் சமமான பகுதியில் மட்டும் வெட்டட்டும். ரப்பர் ஷீட்டைப் புகையிட்டு உலர்த்தும் அறைக்குள் போகவே வேண்டாம்; பாலை உறையவைக்கும் ஆசிட்டின் நெடியும் ஆகாது. பீடிப் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இராமல் 108ஐ அழையுங்கள்.