பேப்பரில் எழுதும் மொய்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். பொன்னர், சங்கர் சகோதரர்களின் கதையான அண்ணன்மார் கதை பாடும் உடுக்கடிப் பாடகர்கள்தான் என் தலைப்பு. காங்கயம் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் பதினோரு இரவுகள் உட்கார்ந்து முழுக்கதையையும் போனில் பதிவு செய்தேன். அண்ணன்மாரின் தந்தை குன்னுடையாக் கவுண்டர் வரும் பகுதியில், வேறு எந்தப் பாடகரும் பாடி நான் கேட்டிராத ஒரு கிளைக்கதையைப் பாடினார். அதை மட்டும் எடுத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

அதில் தன் பெயரையும், வேறு கல்லூரியில் இருக்கும் தன் நண்பர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார் என் கைடு. "அவருக்குப் புரமோஷனுக்கு பாயிண்ட் வேணும்மா. நாளைக்கு அவரும் உன் பேரைப் போடுவார்" என்கிறார். இதழையும் அவரே சொல்லிவிட்டார். மூவாயிரம் ரூபாய் கட்டினால் மூன்றே நாளில் வந்துவிடுமாம். பாடகர் பெயரை எடுத்துவிட்டுத் 'தகவலாளி 7' என்று போடச் சொல்கிறார், அதுதான் ஆய்வு நெறியாம். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 8 சதவீதம்தான் வந்தது, ஆகவே எல்லாம் முறைப்படி சரி என்கிறார்.

அந்தப் பெரியவர் ஒவ்வொரு இரவும் உடுக்கையைக் கையில் எடுக்கும் முன் தன் குரு பெயரையும், குருவுக்குக் குரு பெயரையும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவார். அதுதான் மனதை உறுத்துகிறது. எல்லாரும் செய்வதுதானே என்கிறார்கள் தோழிகள். நான்தான் பெரிது பண்ணுகிறேனா?

கா.

அன்புள்ள கா.,

நீங்கள் பெரிது பண்ணவில்லை. கடிதத்தில் ஐந்து விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஐந்தும் ஒரே எடை இல்லை.

முதலில் அந்த நண்பர். உங்கள் கைடு சொன்ன வாக்கியத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது நம்மூர் மொய் நோட்டு. இன்றைக்கு நான் உன் வீட்டுக் கல்யாணத்தில் எழுதுகிறேன், நாளைக்கு என் வீட்டில் நீ எழுது. மொய்யில் தப்பொன்றும் இல்லை. எவர் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் இருக்கும், கொடுத்தது கொடுத்தவர் காசு. இங்கே அவர் எழுதச் சொல்லும் மொய் உங்கள் பதினோரு இரவு.

ஒரு கட்டுரையின் ஆசிரியர் என்று யாரைச் சொல்லலாம் என்பதற்கு, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஒரு வரையறை வைத்திருக்கிறது. பல துறைகள் இன்று அதைத்தான் பார்க்கின்றன. ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவு சேர்த்ததிலோ, அதை ஆராய்ந்ததிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளே இறங்கித் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் நானே பொறுப்பு என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். அந்த நண்பரை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நிறுத்தி, குன்னுடையாக் கவுண்டர் எந்த ஊரைவிட்டுப் போனார் என்று கேட்டால் என்ன சொல்வார்?

(1975இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு கட்டுரையைத் தனியாகவே எழுதிவிட்டு, முழுக்க 'நாங்கள்' என்று டைப் அடித்துவிட்டார். அந்த இதழ் ஒற்றை ஆசிரியர் 'நாங்கள்' என்று எழுதுவதை ஏற்காது என்று சக ஊழியர் ஒருவர் சொல்ல, மறுபடி டைப் அடிக்கச் சோம்பல்பட்டுத் தன் வீட்டுச் சயாமியப் பூனையை இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். கட்டுரையும் வெளிவந்தது. அந்தப் பூனை புரமோஷன் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.)

கைடு விஷயம் வேறு. அறிவியல் துறையில் ஆய்வுக்கூடம் அவருடையது, பணம் அவர் வாங்கி வந்தது, பல சமயம் கேள்வியே அவர் கொடுத்தது. அங்கே அவர் பெயர் வருவதில் நியாயம் உண்டு. தமிழ்த்துறைக்கு இந்தப் பழக்கம் அங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் கைடு கையெழுத்திட்ட சான்றிதழ் இருக்கிறது, அது அவருக்கு உரிய இடம். ஆனாலும் அவர் உங்கள் கட்டுரையை உட்கார்ந்து படித்து, இரண்டு மூன்று இடத்திலாவது வாதத்தை மாற்றியிருந்தால் பெயர் போகட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸிலிருந்து வைவா வரை ஒவ்வொரு தாளும் அவர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். இங்கே உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு வீரம் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை.

நண்பருக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். கட்டுரையை அவருக்கு அனுப்பி, "இதழில் ஒவ்வொரு ஆசிரியரும் என்ன செய்தார் என்று கேட்கிறார்கள், உங்கள் பங்கை ஒரு வரி எழுதித் தாருங்கள் ஐயா" என்று பணிவாகக் கேளுங்கள். பல நல்ல இதழ்கள் இன்று நிஜமாகவே அப்படிக் கேட்கின்றன. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அந்த ஒரு வரியை எழுத முடியாமல் தாங்களே ஒதுங்கிக்கொண்டார்கள்.

இதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளில் வருகிறது என்றால் ஒருவரும் படிக்கவில்லை என்று பொருள். 2013இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்ததாக வேண்டுமென்றே ஓட்டை உடைசலாக ஒரு போலிக் கட்டுரை தயாரித்து, 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. படிப்பவரிடம் காசு வாங்காமல் எழுதுபவரிடம் வாங்குவது என்று ஆனபின், சில கடைக்காரர்களுக்குச் சரக்கைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. மஞ்சள் மண்டியில்கூட விரலியை ஒடித்துப் பார்க்காமல் எவரும் விலை சொல்வதில்லை.

இதற்கு வாத்தியார்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. 2016இல், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது. புள்ளிக்கு விலை வைத்ததும் சந்தை கூடிவிட்டது. தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரே வீச்சில் 4,305 இதழ்களைத் தூக்கியெறிய வேண்டியதாயிற்று. அப்புறம் தரமான இதழ்களுக்கென்று 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். இதற்கிடையில் 2022 விதிகளில் அந்தக் கட்டாயக் கட்டுரையே நீக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் பல்கலைக்கழக விதியை வாய்வழியாகக் கேட்காமல் தாளில் வாங்கிப் படியுங்கள். இந்த அவசரமே தேவையில்லாததாக இருக்கலாம்.

அடுத்து அந்த 8 சதவீதம். மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. ஆய்வேடு என்றால் 40 வரை திருத்தித் தர ஆறு மாதம், 60 வரை ஓராண்டு தடை, அதற்கு மேல் பதிவே ரத்து. பொதுவான சொற்றொடர் அடுத்தடுத்து 14 சொற்கள்வரை ஒத்துப்போனாலும் கணக்கில் வராது. இது தெரிந்த டிடிபி கடைகளில் மகளிரைப் பெண்டிராக்கி, பாடகரை இசைவாணராக்கி 'சதவீதம் குறைத்துத்' தருகிறார்கள். அப்படிக் குறைக்கப்பட்ட ஓர் ஆய்வேட்டை நான் படித்தேன். வயலில் நாற்று நடும் பெண்கள், கழனியில் நாற்று நாட்டியமாடும் பெண்டிர் ஆகியிருந்தார்கள்.

மென்பொருளுக்கு எழுத்துதான் தெரியும். அதன் கிடங்கில் எது இருக்கிறதோ அதோடுதான் ஒப்பிடும். உங்கள் பெரியவர் பாடியது எந்தக் கிடங்கிலும் இல்லை. அவர் பாட்டு முழுவதையும் எடுத்து, நானே இட்டுக்கட்டியது என்று நீங்கள் எழுதினாலும் சோதனையில் ஒரு சதவீதம்கூட ஏறாது. எழுதத் தெரிந்தவரிடமிருந்து எடுத்தால்தான் திருட்டு, பாடுபவரிடமிருந்து எடுத்தால் 'தரவு' என்று ஒரு வழக்கம் எப்படியோ நம்மிடம் வந்துவிட்டது.

பெருந்துறை பக்கத்துச் சீனாபுரம்தான் பவணந்தியின் ஊர் என்று நம் ஆட்கள் உரிமை கொண்டாடுவார்கள். வேறு ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள், அது கிடக்கட்டும். பழைய இலக்கண வரிகளை அவர் தன் நன்னூலில் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். வைத்துவிட்டு, ஏன் வைத்தேன் என்று பாயிரத்திலேயே காரணமும் சொல்கிறார்: முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையும் பொன்போலப் போற்றுகிறோம் என்று காட்டத்தான். எடுத்தது குற்றமில்லை, எடுத்ததைச் சொல்லிவிட்டார். உ.வே.சா.வும் அப்படித்தான். ஏடு கொடுத்து உதவியவர்களை முன்னுரையில் பெயர் பெயராக எழுதுவார். சீவக சிந்தாமணியை அவர் கையில் எடுக்கக் காரணமான சேலம் இராமசாமி முதலியாரை இன்றைக்கும் நாம் அறிந்திருப்பது அவர் எழுதி வைத்ததால்தான்.

'தகவலாளி 7' விஷயத்தில் உங்கள் கைடு பாதி சரி. பெயரை மறைப்பது உண்மையிலேயே ஆய்வு நெறிதான். நோயாளி, குற்றம் சாட்டப்பட்டவர், முதலாளியைப் பற்றிப் பேசிய தறித் தொழிலாளி போன்றவர்கள் பெயர் வெளியே வந்தால் அவர்களுக்குத்தான் ஆபத்து. கலைஞர் அந்த வரிசையில் வர மாட்டார். பெயரை மறைத்தால் அவருக்கு நஷ்டம். 1960களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், இதே கதையை ஒலிநாடாவில் பதிவு செய்து, பின்னால் 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக அச்சில் கொண்டுவந்தார். பாடிய இராமசாமியின் பெயர் அவர் எழுத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குத் தோன்றியது நமக்குத் தோன்றாமல் போகலாமா?

ஆனால் நீங்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். பெரியவரிடம் கேட்டீர்களா? போனில் பதிவு செய்யச் சம்மதித்தார் என்பது அச்சில் போடச் சம்மதித்ததாக ஆகாது. அண்ணன்மார் கதையில் வேளாளர், வேட்டுவர் சண்டை வருகிறது. அது இன்றும் சிலருக்குப் பழங்கதை இல்லை. அந்தக் கிளைக்கதையில் எந்தச் சமூகத்தையாவது, எந்தக் கோயில்காரர்களையாவது சங்கடப்படுத்தும் வரி இருந்தால், நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள், அவர் அதே ஊரில் இருப்பார். பாட்டுக்குப் பெயர் வேண்டும், ஆனால் பக்கத்து ஊர்ப் பாடகரைப் பற்றி ராத்திரி இரண்டு மணிக்கு டீ குடித்தபடி சொன்னதற்குப் பெயர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்படிப் பிரித்துக் கேளுங்கள். சம்மதத்தையும் அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். பத்திரத்தில் கைநாட்டு வாங்குவதுபோலத் தாளை நீட்டினால் பயந்துவிடுவார்.

இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன், மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை இறைப்பைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதினேன். சால், வடக்கயிறு, வால்கயிறு, மாடு பின்னுக்கு வரும்போது சொல்லும் சத்தம், இறைப்புக் கணக்கைப் பாட்டில் வைப்பது, எல்லாம் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மாடு ஓட்டிய ஒருவர் சொன்னது. கட்டுரையின் கடைசியில் ஒரு கல்லூரி முதல்வருக்கு நன்றி போட்டேன். அவர் எந்தக் கவலைக் கிணற்றையும் எட்டிப் பார்த்தவரில்லை, ஜெராக்ஸுக்குக் காசு கொடுத்தார். மாடு ஓட்டியவர் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் பேத்தி அந்தப் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். முழுவதும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நான் சொன்னதாட்டவே இருக்குதே, யாரு சாமி எழுதுனது?" என்றாராம். கோபமே இல்லையாம், சந்தோஷமாகத்தான் கேட்டாராம். பிறகு அந்தக் கட்டுரையை நூலில் சேர்த்தபோது அவர் பெயரை முதல் வரியிலேயே போட்டேன். வாசித்துக் காட்ட அவர் இல்லை.

உங்கள் பெரியவர் இருக்கிறார். இதழுக்கு அனுப்பும் முன் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டுங்கள். தப்பாகப் புரிந்துகொண்ட இடம் ஒன்றிரண்டாவது இருக்கும், திருத்துவார். அவருடைய குரு பெயரையும், குருவுக்குக் குரு பெயரையும் சரியான எழுத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பகலில் போனால் காட்டு வேலையில் இருப்பார், பொழுது சாய்ந்து போங்கள்.