வாசகர் கேள்வி–பதில்: எந்த நாளின் சொல்?

கேள்வி: இருமுனைக் கோளாறு (மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) உள்ள என் தம்பி, நலமாக இருந்தபோது, "நோய் முற்றினால் நான் மறுத்தாலும் மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தான். இப்போது உறக்கமின்றிப் பணத்தை வாரியிறைத்தபடி, "அந்தத் தாளைக் கிழித்துப் போடு" என்கிறான். எதை மதிப்பது?

பதில்: இரண்டும் அவர் சொல்தான். "அன்று பேசியவர் தம்பி, இன்று பேசுவது நோய்" என்று கடந்துவிடுவது நமக்கு வசதி. ஆனால் எதிரே நின்று மறுப்பவரை ஆளாகவே மதிக்காத ஆபத்து அதில் உண்டு. சிகிச்சையை ஏற்றாலும் மறுத்தாலும் வரக்கூடிய விளைவுகளைப் புரிந்துகொண்டு எடைபோடும் திறன் இப்போது அவருக்கு இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். இருந்தால், எழுதியதை மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இல்லை என்று மருத்துவர் ஆராய்ந்து சொன்னால் (மறுப்பதையே அதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது), பழைய தாளே பேச வேண்டும் என்பேன்.

காரணம், இறுதிக்காலச் சிகிச்சை பற்றி எழுதுபவர் தாம் கண்டிராத நிலையை ஊகித்து எழுதுகிறார். உங்கள் தம்பியோ அங்கே போய்த் திரும்பியவர், எதை இழந்தோம் என்றறிந்து எழுதியவர். பாடியே மாலுமிகளை மயக்கி அழிக்கும் சைரன்கள் என்ற புராண உயிர்களின் பாடலில் மயங்கிவிடாமலிருக்கத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்ன கிரேக்கக் காவிய நாயகனின் பெயரால் இதை 'யுலிசீஸ் ஒப்பந்தம்' என்பார்கள். அவிழ்த்துவிடும்படி அவன் கேட்டபோது தோழர்கள் கட்டை இன்னும் இறுக்கினார்கள். அந்த இடத்தில் நாம் அவர்களைப் பின்பற்ற வேண்டாம். தம்பி சம்மதித்தது மருத்துவமனையில் சேர்வதற்கு மட்டுமே, அங்கே தரப்படும் எல்லாவற்றுக்கும் அல்ல. தாள் கையில் இருப்பதாலேயே கட்டாயப்படுத்திச் சேர்க்கவும் முடியாது. அதற்குச் சட்டம் வகுத்த வழியிலேயே போக வேண்டும்.

கேள்வி: குறிப்பிட்ட சிகிச்சையே வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தால்?

பதில்: அதற்கும் அதே மதிப்புத்தான். அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் சாஸ் 1982-இல் முன்வைத்த 'மனநல உயில்', கட்டாயச் சிகிச்சையை முன்பே மறுக்கவும் இடம் தந்தது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், வேண்டிய சிகிச்சையையும் வேண்டாததையும் எழுதிவைக்க அனுமதிக்கிறது. அவசரச் சிகிச்சைக்கு அப்படி எழுதியது பொருந்தாது. எழுதியதைப் பின்பற்ற விரும்பாத மருத்துவரோ உறவினரோ இச்சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். தாளை ஓசையின்றி ஓரங்கட்டுவதைவிட இது நேர்மையானது. எழுதும்போதே காரணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மருந்தால் முன்பு பட்ட துன்பமே காரணம் என்றால், மாற்று மருந்தைப் பற்றி அன்றே மருத்துவரிடம் பேசி அதையும் அதே தாளில் எழுதிவிடலாம்.