ஆர்ம்வி7 போர்டில் மட்டும் டிரைவர் மெதுவாக ஓடுவது

உங்கள் டிரைவர் பிசியில் நன்றாக ஓடி, ஆர்ம்வி7 (ஒரு வகை ஆர்ம் பிராசஸர்) போர்டில் மட்டும் மெதுவாக ஓடுவதாகச் சொன்னீர்கள். பாக்கெட்டின் 6-வது பைட்டிலிருந்து அடுத்தடுத்து இருக்கும் இரண்டு 32-பிட் எண்களை, பாயின்டரை காஸ்ட் செய்து (அந்த முகவரியை 32-பிட் எண்ணின் முகவரியாக மாற்றிக்கொண்டு) படிக்காதீர்கள். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே இருக்கும் கெட்_அன்அலைன்ட்_எல்இ32 மூலம் ஒவ்வொன்றாகப் படியுங்கள். எண்கள் பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் வரிசை) என்றால் பெயரின் கடைசியில் எல்இ32-க்குப் பதில் பிஇ32.

பிசியில் ஏன் பிரச்சினை இல்லை என்று கேட்டிருந்தீர்கள். பிசியில் இருக்கும் எக்ஸ்86 பிராசஸர், 4-ஆல் வகுபடாத முகவரியில் படிப்பதை வன்பொருளிலேயே சமாளித்துவிடும். ஆர்ம்வி7-ம் ஒற்றை எல்டிஆர் (ஒரு எண்ணைப் படிக்கும்) கட்டளை என்றால் சமாளிக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பார்த்ததும் கம்பைலர் அவற்றை ஒரே எல்டிஆர்டி அல்லது எல்டிஎம் (ஒரே தடவையில் பல எண்களைப் படிக்கும் கட்டளைகள்) ஆக்கிவிட்டிருக்கும். நீங்கள் செய்த காஸ்ட்தான் அதற்கு "இந்த முகவரி 4-ஆல் வகுபடும்" என்று வாக்குக் கொடுத்தது. அந்தக் கட்டளைகள் 4-ஆல் வகுபடாத முகவரியில் கட்டாயம் ஃபால்ட் ஆகும் (பிராசஸர் வேலையை நிறுத்திப் பிழையைக் கெர்னலிடம் தெரிவிக்கும்). கெர்னல் அதைப் பிடித்து மென்பொருளில் சரிசெய்து தருகிறது, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும். அதனால்தான் கிராஷ் ஆகாமல் வேகம் மட்டும் விழுகிறது.

உறுதிசெய்ய, /ப்ராக்/சிபியு/அலைன்மென்ட் கோப்பை கேட் செய்து 'சிஸ்டம்' எண்ணை (கெர்னலுக்குள் நடந்த இத்தகைய ஃபால்ட்களின் எண்ணிக்கை) குறித்துக்கொள்ளுங்கள். டிராஃபிக்கை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். பாக்கெட்டுகளோடு சேர்ந்து அதுவும் ஏறினால் இதுதான் காரணம்.

அப்புறம் ஒன்று: ஐஓரீமேப் செய்த (கெர்னல் முகவரியில் இணைத்த) சாதன நினைவகத்துக்கு கெட்_அன்அலைன்ட் வழி உதவாது. அங்கே ஒற்றை எல்டிஆர் கூட ஃபால்ட் ஆகும். 4-ஆல் வகுபடும் முகவரியில் ரீட்எல் (சாதனத்திலிருந்து 32 பிட் படிக்கும் கெர்னல் ஃபங்ஷன்) செய்து, தேவையான பைட்டுகளை ஷிஃப்ட் செய்து எடுங்கள்.