தோசை மாவில் கிடைத்த வெய்செல்லா எந்த இனம்?

வணக்கம். பினாங்கில் புளித்த தோசை மாவிலிருந்து நீங்கள் பிரித்தெடுத்த பாக்டீரியாவின் 16எஸ் ஆர்ஆர்என்ஏ வரிசை (பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் மரபணுவின் வரிசை), வெய்செல்லா என்னும் லாக்டிக் அமில பாக்டீரியாப் பேரினத்தின் வெய்செல்லா கன்ஃப்யூசா, வெய்செல்லா சிபாரியா ஆகிய இரண்டு இனங்களோடும் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போவதால், இனத்தை முடிவுசெய்ய இயலவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு மரபணு இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டாது. அதையே மறுபடியும் வரிசைப்படுத்துவது வீண்செலவு. முதலில் எல்-அராபினோஸ் சர்க்கரையில் வளர்த்துப் பாருங்கள்: சிபாரியா அதிலிருந்து அமிலம் உண்டாக்கும், கன்ஃப்யூசா பொதுவாக உண்டாக்காது. அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியா வருகிறதா என்னும் சோதனை, வெய்செல்லாவை ஒத்த லூக்கோனோஸ்டாக் பேரினத்தை விலக்க மட்டுமே உதவும். உறுதியான விடை வேண்டுமானால், முழு மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தி, இரு இனங்களின் மூலமாதிரித் திரிபுகளோடும் (இனத்துக்கு அளவுகோலாக வைக்கப்பட்ட திரிபுகள்) சராசரி நியூக்ளியோடைடு ஒப்புமையை, அதாவது டிஎன்ஏ வரிசைகள் சராசரியாக எத்தனை விழுக்காடு ஒத்திருக்கின்றன என்பதை, கணக்கிடுங்கள். 95 முதல் 96 விழுக்காடு வரை என்பதே இன எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 2002இல் விவரிக்கப்பட்ட சிபாரியாவின் மூலமாதிரித் திரிபே மலேசிய மிளகாய் விழுதான சில்லி போவிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆகவே அது நம் சமையலறைக்குப் புதிய விருந்தாளி அன்று.