ஹெச்எம் கூப்பிடறாரு, 15 ஆயிரம் சம்பளம், போகலாமா?

திருவண்ணாமலை மாவட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. எம்எஸ்சி மேத்ஸ், பி.எட், 2017ல ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், பேப்பர் 2 பாஸ். ஆறு வருஷமா ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல வேலை, மாசம் 11,000, மே மாசம் சம்பளம் கிடையாது. பக்கத்து ஊரு கவர்மென்ட் ஹைஸ்கூல்ல கணக்கு டீச்சர் போஸ்ட் காலியா இருக்கு, எஸ்எம்சி மூலமா தற்காலிகமா வாங்க, 15,000 வரும்னு ஹெச்எம் கூப்பிட்டிருக்காராம். இதுக்கு நடுவுல ஒரு ஆளு வீட்டுக்கே வந்து, ரெண்டு வருஷம் ஓட்டுங்க பர்மனென்ட் லிஸ்ட்ல பேரை ஏத்திடலாம், மொத்தம் 3 லட்சம், இப்ப அட்வான்ஸ் 50,000 குடுங்கன்னு சொல்லிட்டு போயிருக்காரு. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் மெட்ரிக் ஸ்கூல் கரஸ்பாண்டன்ட் பீரோவுல. வீட்டுக்காரர் நகையை வைக்கலாமான்னு கேக்கறாராம், நான் என்ன பண்ணட்டும் சார்னு கேள்வி.

நகை இருக்கற இடத்துலயே இருக்கட்டும்மா. மத்ததை பொறுமையா பேசலாம்.

நான் ஹெச்எம்மா இருந்து ரிட்டயர் ஆனவன், அதுக்கப்புறமும் ஆசிரியர் சங்கத்துல சர்வீஸ் கேஸ் பைலைத்தான் புரட்டிட்டு இருக்கேன், அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அந்த 15,000 வேலைக்கு தாராளமா போகலாம். ஆனா அது பத்து மாச வேலை. அதுக்கு வாலும் கிடையாது தலையும் கிடையாது, இது பர்மனென்ட்டுக்கு முதல் படின்னு யார் சொன்னாலும் அவருக்கு விஷயம் தெரியாது, இல்ல உங்க காசு மேல கண்ணு.

எஸ்எம்சின்னா பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது அந்த ஊரு பெற்றோர்கள் இருக்கற கமிட்டி. 2022ல 13,331 காலியிடத்துக்கு இப்படி ஆள் போடலாம்னு அரசு சொல்லிச்சு. இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. கோர்ட்டுக்கு போச்சு, ஹைகோர்ட் மதுரை கிளை இடைக்காலத் தடை போட்டது, டெட் பாஸ் பண்ணவங்களுக்கு முன்னுரிமைன்னு விதியை மாத்தினாங்க, பிறகு சம்பளமும் 12,000, 15,000, 18,000னு ஏறிச்சு. இதுல நீங்க பிடிச்சுக்க வேண்டியது ஒண்ணு தான், உங்களை வேலைக்கு வைக்கறது கல்வித்துறை இல்ல, ஊரு கமிட்டி. கல்வியாண்டு முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. நடுவுல டிரான்ஸ்பர் கலந்தாய்வுல ரெகுலர் டீச்சர் ஒருத்தர் அந்த இடத்தை எடுத்துட்டார்னா, அவர் காலையில வந்து ஜாயின் பண்ணுவாரு, நீங்க மத்தியானம் டிபன் பாக்ஸோட வீட்டுக்கு வரணும். நானே ஒரு நவம்பர் மாசம் அப்படி ஒரு பொண்ணை அனுப்பியிருக்கேன், பத்தாவது பிள்ளைங்களுக்கு அரைப்பரீட்சைக்கு கொஸ்டின் பேப்பர் அந்த பொண்ணு தான் எழுதி வச்சிருந்தது, நான் என்ன பண்ண முடியும், ஆர்டர் ஆர்டர் தான்.

கணக்கு போட்டுப் பாருங்க, நீங்க தான் மேத்ஸ் ஆச்சே. இப்ப 11,000 பதினோரு மாசம், 1,21,000. அங்க 15,000 பத்து மாசம், 1,50,000. வித்தியாசம் 29,000. இதுல சம்பளம் மாசாமாசம் முதல் தேதி வரும்னு நினைச்சுக்காதீங்க, நிதி வந்தா வரும், இல்லேன்னா ரெண்டு மூணு மாசம் சேர்த்து வரும், அதுவரைக்கும் பஸ் காசு உங்க கையில இருந்து. பக்கத்து ரூம்ல அதே கணக்கை நடத்தற ரெகுலர் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை 36,400, டிஏ எல்லாம் சேர்த்து 55,000க்கு மேல. அதே கரும்பலகை, அதே அல்ஜீப்ரா. இந்த லட்சணத்துல தரமான கல்வின்னு டிவியில ஒரு மணி நேரம் விவாதம் நடத்தறாங்க, அந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட எஸ்எம்சி டீச்சரோட மே மாசம் எப்படி ஓடுதுன்னு கேக்கறதில்ல.

போஸ்ட் ஏன் காலியா கிடக்குன்னும் தெரிஞ்சுக்குங்க, அந்த ஆளு "காலியா இருக்கு, நீங்க உக்காந்துட்டா உங்களுது தான்"னு சொல்லியிருப்பாரு. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கற கதையா இது? உங்க மாவட்டம், விழுப்புரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் வெளி மாவட்டத்துக்காரங்க, முக்கியமா தெக்கத்திக்காரங்க, முதல் போஸ்டிங் வருவாங்க, சர்வீஸ் ஏறினதும் சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர் வாங்கிட்டு போயிடுவாங்க, அவங்களை குத்தம் சொல்ல முடியாது, வயசான அப்பா அம்மா அங்க இருப்பாங்க. அந்த இடம் காலி. இன்னொரு பக்கம் பதவி உயர்வுக்கும் டெட் வேணுமா வேண்டாமான்னு 2023ல இருந்து கேஸ் நடந்து பதவி உயர்வு எல்லாம் நின்னு போச்சு, மேல போக வேண்டியவங்க போகல, கீழ நிரப்ப வேண்டியது நிரப்பல. கடைசியா 2025 செப்டம்பர் 1ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துது, ஏற்கனவே வேலையில இருக்கறவங்களே ரிட்டயர்மென்ட்டுக்கு 5 வருஷத்துக்கு மேல பாக்கி இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு. இருபது வருஷம் பாடம் நடத்தினவங்களுக்கே அந்த நிலைமை, கமிட்டி தீர்மானத்துல வந்தவங்களை யாரும் சத்தமில்லாம ரெகுலர் பண்ண முடியாதும்மா.

இப்ப அந்த 3 லட்சத்துக்கு வர்றேன். "லிஸ்ட்"னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆளைத் தேர்ந்தெடுக்கறது டிஆர்பி, ஆசிரியர் தேர்வு வாரியம். 2018ல போட்ட 149ம் நம்பர் அரசாணை என்ன சொல்லுதுன்னா டெட் பாஸ் ஆனாலும் அது தகுதி மட்டும் தான், வேலைக்கு தனியா ஒரு போட்டித் தேர்வு எழுதணும். அதுக்கு முன்னாடி பரீட்சை மார்க்கெல்லாம் சேர்த்துப் போடற வெயிட்டேஜ், அதுக்கும் முன்னாடி எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு சீனியாரிட்டி, அதெல்லாம் போன கதை. ஆனா புரோக்கர் இன்னும் அந்த பழைய கதையைத்தான் விப்பான், சீனியாரிட்டில உங்க நம்பர் கிட்ட வந்துடுச்சும்பான்.

ஒரு தடவை ஒரு பையன் என்கிட்ட ஒரு வேலை ஆர்டரை கொண்டு வந்தான், நாலரை லட்சம் குடுத்து வாங்கினது. முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள்னு தலைப்பு, ந.க.எண்ங்கற பைல் நம்பர், பார்வை 1, பார்வை 2, கீழ ரவுண்ட் சீல், பச்சை மையில கையெழுத்து, தூரத்துல பார்த்தா அசல் தான். நான் தேதியைப் பார்த்தேன், ஞாயித்துக்கிழமை. கையெழுத்து போட்ட அதிகாரி அந்த தேதிக்கு எட்டு மாசம் முன்னாடியே வேற மாவட்டத்துக்கு மாறிப் போனவரு. ந.க.எண்ல ஒரு சாய்கோடு போட்டு பிரிவு எழுத்து வரும், எந்த கிளார்க் சீட்ல இருந்து பைல் வருதுன்னு காட்டறதுக்கு, அது அதுல இல்லவே இல்ல. பையன் அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டான். பணம் வாங்கினவரு யாருன்னா அவங்க தூரத்து சொந்தம், பெரியப்பா முறை. போலீஸ்ல குடுன்னா, அம்மா சண்டைக்கு வருவாங்க சார்ங்கறான். அவன் இப்ப ஒரு மொபைல் கடையில இருக்கான், கடனை கட்டிட்டு இருக்கான்.

இந்த ஆளுங்க ஆபீஸ் உள்ள இருக்க மாட்டாங்க, எதிர்ல டீக்கடையில தான் இருப்பாங்க, கையில ஒரு பிரவுன் பைல், "மேடத்துக்கிட்ட இப்ப தான் பேசிட்டு வந்தேன்"பாங்க. செக் வாங்க மாட்டாங்க, ஜிபேல அனுப்பறேன்னா வேண்டாம் கேஷா குடுங்கம்பாங்க. அதே ஆளு வேலை நடக்கலேன்னா அடுத்து அரசு உதவி பெறுற எய்டட் ஸ்கூல்ல போஸ்ட் இருக்கு, 15 லட்சம்னு வருவாரு, எழுதி வச்சுக்குங்க. எய்டட்ல நிர்வாகம் ஆள் போடலாம் தான், ஆனா துறை ஒப்புதல் வந்தா தான் அரசு சம்பளம். ஆகஸ்ட் 1ம் தேதி பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சு பணியாளர் நிர்ணயம் பண்ணும்போது அந்த போஸ்ட்டே உபரின்னு போச்சுன்னா உங்க 15 லட்சம் ஸ்கூல் காம்பவுண்டு சுவரா நிக்கும், நீங்க ஒப்புதலுக்காக வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைவீங்க. 

இன்னொரு விஷயத்தையும் சொல்லாம விட முடியாது, ஏன்னா அந்த ஆளு இல்லேன்னாலும் யாராவது ஒரு ஜூனியர் வக்கீல் உங்ககிட்ட சொல்லுவாரு, "பத்து வருஷம் ஓட்டினா கோர்ட் பர்மனென்ட் பண்ணும்"னு. இது எங்க இருந்து வருதுன்னா 2006ல உமாதேவி கேஸ்னு கர்நாடக அரசு கேஸ், சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி பெஞ்ச். பின்வாசல் வழியா வந்த தற்காலிக ஊழியருக்கு நிரந்தரம் கேக்க உரிமை இல்லேன்னு தான் அந்த தீர்ப்பு. அதுக்குள்ள ஒரே ஒரு விலக்கு. என்னன்னா, அரசு ஒப்புதல் குடுத்த காலிப் பணியிடமா இருக்கணும், தகுதி இருக்கணும், கோர்ட் தடை உத்தரவு துணையில்லாம பத்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்கணும், அப்படி இருக்கறவங்களை ஒரே ஒரு தடவை மட்டும் அரசு பரிசீலிச்சு முடிக்கணும். அந்த "ஒரே ஒரு தடவை"யை எல்லாரும் முழுங்கிடறாங்க. 2024 டிசம்பர்ல ஜக்கோ கேஸ்ல சுப்ரீம் கோர்ட், உமாதேவி தீர்ப்பை காட்டியே காலம் பூரா வேலை பார்த்தவங்களை விரட்டாதீங்கன்னு சொல்லிச்சு, சரி தான், நல்ல தீர்ப்பு தான், ஆனா அது மத்திய நீர் ஆணையத்துல வருஷக்கணக்கா கூட்டிப் பெருக்கினவங்க, தோட்டக்காரர் போட்ட கேஸ். உங்களுக்கு வருஷா வருஷம் மே மாசம் ஒரு வெட்டு விழுது, நியமிச்சது துறை இல்ல, குழு, சம்பளம் தொகுப்பூதியம். நீங்க பதினோரு வருஷம் இருந்தாலும் அரசு வக்கீல் எழுந்து "மை லார்ட், இவங்க ஒவ்வொரு வருஷமும் புது ஆளு"ன்னு ஒரு வரி சொல்லிட்டு உக்காந்துடுவாரு. சரி, துறையே நேரா போட்டவங்களுக்காவது ஏதாவது நடந்துதான்னா, 2012ல ஓவியம், உடற்கல்வி, கம்ப்யூட்டருக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 சம்பளத்துல போட்டாங்க. 2021 திமுக தேர்தல் அறிக்கையில 181ம் நம்பர் வாக்குறுதியா அவங்களை நிரந்தரம் பண்றோம்னே எழுதினாங்க. 2023ல கிடைச்சது 12,500 ரூபா. சென்னையில கல்வித்துறை தலைமை ஆபீஸ் இருக்கற டிபிஐ வளாகத்துல அவங்க படுத்துக் கிடந்த ராத்திரியெல்லாம் நான் கூட இருந்திருக்கேன், கொசு மட்டும் தான் வந்து பாத்துட்டு போச்சு.

உங்களுக்கு உண்மையான கதவு டிஆர்பி எக்ஸாம் தான், அதுலயும் நீங்க எம்எஸ்சி பி.எட், நீங்க கவனிக்காம விட்ட ஒரு கதவு இருக்கு, பிஜி டிஆர்பி, அதாவது மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கான தேர்வு. அதுக்கு டெட்டே தேவையில்ல. 2025 அக்டோபர் 12ம் தேதி 1,996 இடத்துக்கு நடந்துது. 150 கேள்வி, அதுல 110 உங்க மேத்ஸ், 30 கல்வியியல், 10 பொது அறிவு. கட்டாயத் தமிழ் தனியா 50 மார்க், 20 எடுக்கலேன்னா மெயின் பேப்பரை திருத்தவே மாட்டாங்க, மேத்ஸ்காரங்க நிறைய பேர் இதுல தான் கோட்டை விடறாங்க. வயசைப் பத்தி கவலை வேண்டாம், 2023ல வரம்பை பொதுப்பிரிவுக்கு 53, மத்தவங்களுக்கு 58னு ஏத்திட்டாங்க. உங்க 2017 டெட் சர்டிபிகேட்டும் செத்துப் போகல, ஏழு வருஷ வேலிடிட்டியை 2021ல ஆயுள் முழுக்கன்னு மாத்திட்டாங்க, 2011ல இருந்தே பொருந்தும், ரினீவல் பீஸ்னு எந்த கோச்சிங் சென்டராவது கேட்டா வாசலோட அனுப்புங்க.

இப்ப சர்டிபிகேட். இது தான் எனக்கு ரொம்ப எரிச்சல். படிச்சு வாங்கின சர்டிபிகேட்டை அடகுக்கடை மாதிரி பூட்டி வச்சுக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது, அது விக்கற வாங்கற சரக்கு இல்லன்னு ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா கேட்டா "வருஷம் முடியட்டும் மேடம்"பாங்க. அதனால ராஜினாமாவை முதல்ல குடுக்காதீங்க. டிஆர்பிக்கு சர்டிபிகேட் வெரிபிகேஷனுக்கு வேணும்னு ஒரு லெட்டர் எழுதி, நகல்ல ஆபீஸ் சீலோட கையெழுத்து வாங்கிக்குங்க, வாங்க மாட்டேன்னா ஒப்புகை அட்டையோட ரிஜிஸ்டர் தபால். பத்து நாள் பாருங்க, அசையலேன்னா தனியார் பள்ளிகள் மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு. அப்படியே பிஎப் பிடிச்சாங்களா, உங்க பிஎப் கணக்குக்கான யுஏஎன் நம்பர் என்னன்னு கேளுங்க, இருபது பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற இடத்துல 11,000 சம்பளத்துக்கு பிஎப் கட்டாயம், ஆறு வருஷக் காசு அது. பணி அனுபவச் சான்றிதழும் கையோட வாங்கிடுங்க, அப்புறமா தரேன்னா அது வராது.

ஒரிஜினல் கையில வந்த பிறகு ஹெச்எம்மைப் போய் பாருங்க. நல்ல மனுஷனா தான் இருப்பாரு, கணக்குக்கு ஆள் இல்லாம பத்தாவதை வச்சுக்கிட்டு தவிச்சிட்டு இருப்பாரு பாவம், ஆனாலும் வாய்வார்த்தையில ஜாயின் பண்ணாதீங்க. எஸ்எம்சி தீர்மானத்துல உங்க பேரு, பாடம், எந்த தேதியில இருந்து, எவ்வளவு சம்பளம் இதெல்லாம் எழுதியிருக்கான்னு பாத்துட்டு ஒரு ஜெராக்ஸ் வாங்கிக்குங்க. உங்க பாங்க் அக்கவுண்ட்டுக்கு நேரா வருமா, யார் கையிலயாவது வந்து அதுல இருந்து வருமான்னு கேளுங்க, 15,000க்கு கையெழுத்து வாங்கிட்டு 10,000 குடுத்த இடமும் எனக்குத் தெரியும். பக்கத்துல மேல்நிலைப் பள்ளியில மேத்ஸ் முதுகலை இடம் காலியான்னும் ஒரு வார்த்தை விசாரிங்க, உங்க படிப்புக்கு 18,000 வரும், பிஜி டிஆர்பிக்கு அதே பாடத்தை நடத்திக்கிட்டே படிச்ச மாதிரியும் ஆச்சு.

அந்த ஆளு திரும்ப வந்தா, சரிண்ணே, அட்வான்ஸ் வாங்கினதா ஒரு பத்து ரூபா பத்திரத்துல எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்கன்னு வீட்டுக்காரரை விட்டு கேக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க தெரு பக்கம் வர மாட்டாரு.