"பார்க்கலாம் அத்தை" என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: டீச்சர், நான் புக்கிட் மெர்தாஜத்தில் இருக்கிறேன். மகனும் மருமகளும் பினாங்குத் தீவில், ரேலாவ் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். மருமகளுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்கம்மா" என்பேன். "பார்க்கலாம் அத்தை" என்பாள். நான் ஆட்டிறைச்சி வாங்கிப் பிரட்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு வாரத்தில் மூன்று வாரம் வர மாட்டார்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். கூடவே இருக்கும் என் நாத்தனாரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே! பொய் பேசுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டானோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.
— பெயர் வேண்டாம், புக்கிட் மெர்தாஜம்

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அந்த ஸ்பீக்கர் என் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் "பார்க்கலாம்".

கோயில் நன்கொடைச் சீட்டை ஒருவரிடம் நீட்டினால் "பார்க்கலாம்" என்கிறார். பெண் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்கிறார்கள். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை, "போயிட்டு வரேன்" என்றுதான் வரும். திரும்பி வராத ஊருக்குப் போகிறவரும் அப்படித்தான் சொல்கிறார். அதைப் பொய் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

இந்த மாதிரிப் பேச்சை ஆராய்ந்தவர்களில் முக்கியமான இருவர் பெனிலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன். 1978இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு மூன்று மொழிகளின் பேச்சை முதன்மையாக வைத்து எழுதப்பட்டது. ஒன்று ஆங்கிலம். ஒன்று மெக்சிகோவில் மாயா இனத்தார் பேசும் செல்தால். மூன்றாவது நம் தமிழ், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழ். கவுன்சலிங் படிக்கப் போன காலத்தில் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பாட்டி பேசிய பேச்சு உலகத்துக்கே பாடமாக இருந்திருக்கிறதே என்று!

அவர்கள் சொன்னதன் மையச் சொல் "முகம்". சீனர்களின் முகக் கருத்தைப் பற்றி ஹு சியென் சின் என்ற சீனப் பெண்மணி 1944இல் எழுதினார். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1955இல் அதையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மனிதர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் தன் முகத்தையும் அடுத்தவர் முகத்தையும் காப்பாற்றும் வேலை ஓயாமல் நடக்கிறது என்றார். பினாங்கில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மானத்தை மலாய்க்காரர்கள் "ஆயர் மூக்கா" என்பார்கள், முகத்து நீர் என்று பொருள். அந்த மூக்காவும் நம் முகமும் ஒரே சொல்தான். நாமும் "முகத்தில் அடித்த மாதிரி பேசிட்டான்" என்கிறோம்.

பிரவுனும் லெவின்சனும் முகத்துக்கு இரண்டு ஆசைகள் உண்டு என்றார்கள். "என்னை மதிக்க வேண்டும், நான் வேண்டியவளாக இருக்க வேண்டும்" என்பது ஒன்று. "என் போக்கில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது" என்பது மற்றது. இப்போது அந்த வெள்ளிக்கிழமை போனை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அழைப்பது பாசத்தால். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து கிடைத்த ஒரு ஓய்வு நாள் மேல் அந்த அழைப்பு வந்து உட்காருகிறது. "முடியாது" என்று அவள் சொன்னால் அடி உங்கள் முகத்தில் விழும், ஆட்டிறைச்சிக் குழம்பையே வேண்டாம் என்றதாக ஆகும். "சரி" என்றால் அவள் நாள் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் தேடினாள், கிடைத்தது "பார்க்கலாம்". பேசுகிறவர்களுக்கு இடையில் எவ்வளவு நெருக்கம், யார் கை ஓங்கியது, கேட்கிற காரியம் எவ்வளவு கனம், இந்த மூன்றையும் மனசு கண நேரத்தில் எடை போட்டுத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அவர்கள் கணக்கு. மாமியாரிடம் மருமகள் என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவர்தானே.

இனி ஸ்பீக்கர். நான் 1996இல் செபராங் பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியையாக இருந்தேன். இரண்டாம் படிவத்துப் பையன் ஒருவன் மூன்று வாரமாக வரவில்லை. அப்பாவை வரச் சொன்னேன். வந்து நின்றார், கையில் வேலை செய்த எண்ணெய்க் கறை. அலுவலகத்தில் இரண்டு ஆசிரியர்களும் ஒரு கிராணியும் இருந்தார்கள். எனக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அவர்கள் முன்னாலேயே, "பிள்ளையை ஏன் வேலைக்கு அனுப்பறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "நாளைக்கே அனுப்பறேங்க டீச்சர்" என்றார். பையன் வரவில்லை. அந்த மனிதர் பொய்க்காரர் என்று குறிப்பேட்டில் எழுதும் அளவுக்கு எனக்குக் கோபம். சில மாதம் கழித்து பையனின் அம்மாவைச் சந்தையில் பார்த்துப் பேசி, வீட்டுக்குப் போனேன். பையனின் அப்பா எனக்குக் கோப்பி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அத்தனை பேர் முன்னாடி என்கிட்ட காசு இல்லைன்னு எப்படிங்க சொல்றது?" பையன் திரும்பிப் பள்ளிக்கு வரவே இல்லை. அவர் சொன்ன "நாளைக்கே" என்பதை அவர் வாயிலிருந்து வரவழைத்தவள் நான்தான். இதை நான் மறக்கவில்லை அக்கா. அதனால்தான் உங்கள் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல அவளுக்கு வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை வேண்டாம், செவ்வாயோ புதனோ பேசுங்கள். காது மந்தம் என்றால் காதில் மாட்டும் கருவி ஒன்று போதும், ஸ்பீக்கர் வேண்டாம். "வாங்க" என்று தொடங்காமல், "இந்த வாரம் ஷிஃப்ட் எப்படிம்மா? ஓய்வு என்னைக்கு?" என்று தொடங்குங்கள். அப்புறம், "வர முடிஞ்சா சந்தோஷம். முடியலேன்னா தம்பிகிட்ட பொட்டலம் கட்டிக் கொடுத்து விடறேன், ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, நிஜமாகவே ஒன்றும் நினைக்காமலும் இருக்க வேண்டும். அவள் முதல் தடவை "இந்த வாரம் முடியல அத்தை" என்று சொல்லும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறதோ, அதை வைத்துத்தான் இரண்டாம் தடவை உண்மை வரும்.

"பொய் பேசுகிற பெண்" என்றீர்கள். நமக்கு நேரமாகிவிட்டால் பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்கிறோம், பதின்மூன்றரை கிலோமீட்டரும் நகரவில்லை என்கிறோம். அடுத்தவர் தாமதித்தால் பொறுப்பில்லாதவர் என்கிறோம். தனக்குச் சூழ்நிலை, பிறருக்குக் குணம். பிறரைப் பார்க்கும்போது சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணமாக்கும் இந்தச் சாய்வை, லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் அடிப்படைக் கற்பிதப் பிழை என்று பெயரிட்டார். உங்கள் மருமகளின் குணத்தைப் பற்றி உங்கள் கடிதத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. அவள் சூழ்நிலை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் நடந்த தன்முனைப்பு முகாமில், பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று சொன்னார்கள். அப்படியானால் மொழிப்பாடம் எதற்கு டீச்சர்?
— ஆறாம் படிவ மாணவன், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, அந்த எண்கள் கற்பனை அல்ல, ஆனால் இடம் மாறி வந்து சேர்ந்தவை. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளரின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகள் இரண்டைச் சேர்த்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களையும் காட்டி, பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். அவற்றில் ஓர் ஆய்வில் எடுத்துக்கொண்ட சொல் "மேபி". அதாவது மேலே அந்த அக்காவின் மருமகள் சொன்னாளே, கிட்டத்தட்ட அதே "பார்க்கலாம்"! அப்படிப்பட்ட சொல்லில் பிரியம் இருக்கிறதா என்று அறிய முகத்தையும் குரலையும்தான் நம்புவோம். எல்லாப் பேச்சுக்கும் இதை நீட்டக் கூடாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார்.

வேண்டுமானால் நண்பனிடம், "101ஆம் எண் பஸ் ஜெட்டியிலிருந்து தெலுக் பகாங் போகும்" என்பதை வாயைத் திறக்காமல் முகத்தாலும் கையாலும் சொல்லிப் பார். மொழிப்பாடத்தை விடாதே.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் காலைச் சந்தையில், நான் எப்போதும் மீன் வாங்கும் கடை முன்னால் ஒரு சீனப் பாட்டி வழுக்கி விழுந்தார். அவரும் அந்தக் கடைக்கு வாராவாரம் வருகிறவர். இருபது பேராவது பார்த்துக்கொண்டு நின்றோம். நானும் காய்கறிப் பையோடு நின்றேன். கடைசியில் ஒரு மலாய் இளைஞன்தான் ஓடிவந்து தூக்கினான். நாம் கல்நெஞ்சக்காரர்களாகிவிட்டோமா?
— ஓய்வு பெற்றவர், ஜார்ஜ்டவுன்

பதில்: ஐயா, கல்நெஞ்சுக்காரர் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வீட்டருகே கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நாளிதழ் எழுதியது. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரியவந்தது. ஒரு பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, உயிர் போய்க்கொண்டிருந்த கிட்டியைக் கைகளில் ஏந்திக்கொண்டிருந்தார், அதுவும் அந்தச் செய்தியில் இல்லை. ஆனால் அந்தச் செய்தி ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு இளம் உளவியலாளர்களை யோசிக்க வைத்தது. 1968இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆட்கள் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும்போது சுவர்த் துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட இருந்த இருவர் சொல்லிவைத்தபடி கண்டுகொள்ளாமல் இருந்தபோது, 10 விழுக்காட்டினர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அன்று சந்தையில் நீங்கள் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தீர்கள், பதற்றம் தெரியவில்லை. அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள், அதிலும் தெரியவில்லை. அத்தனை பேர் நிற்கும்போது பொறுப்பும் இருபதாகப் பிரிந்துபோகிறது. தூக்கப் போய்த் தப்பாகிவிட்டால் எல்லார் முன்னும் முகம் போகுமே என்ற கூச்சம் வேறு. அந்த இளைஞன் தூரத்திலிருந்து ஓடிவந்தவன், உங்கள் யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

இன்னொரு முறை நடந்தால், கூட்டத்தைப் பார்த்து "யாராவது உதவுங்க" என்று கத்தாதீர்கள். ஓர் ஆளைக் கைகாட்டுங்கள். "அபாங், பாஜு ஹிஜாவ், தொலோங் கால் 999." (பச்சைச் சட்டை அண்ணே, 999க்குக் கூப்பிடுங்க.) பச்சைச் சட்டைக்காரர் இனி கூட்டத்தில் ஒருவர் இல்லை, அவர் போன் எடுத்தே ஆக வேண்டும். இன்னொருவரைக் காட்டி நாற்காலி கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டி பக்கத்தில் குந்துங்கள்.

அந்தப் பாட்டி வாராவாரம் வருகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை மீன் கடையில் பார்த்தால் கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள் ஐயா. உங்களுக்குத் தெரிந்த ஹொக்கியன் சீனமொழி அதற்குப் போதும்.