மாணவர்களை ஒப்பிக்க விடாமல் பேசப் பழக்குவது எப்படி?
நாகர்கோவில் பக்கத்துப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு எடுக்கும் தாங்கள், மாணவர்கள் எழுதி வந்ததை அப்படியே ஒப்பிக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக் கட்டுரையாக எழுத வைப்பதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஒரு சொல் மறந்தாலும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஒரு கேள்வியையும் மூன்று குறிப்புச் சொற்களையும் மட்டும் கொடுங்கள். கன்னியாகுமரி வள்ளுவர் சிலை ஏன் 133 அடி என்று கேட்டால், குறளின் 133 அதிகாரங்கள், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்குமான 95 அடி உருவம் என விடையே பேச்சின் வரிசையாகிவிடுகிறது. முதலில் பக்கத்தில் இருப்பவரிடமும், பிறகு நால்வர் குழுவிலும், அதன் பின்னரே வகுப்பின் முன்னும் இரண்டு நிமிடம் பேசட்டும். நம் வட்டார வழக்கு கலந்தால் இடைமறித்துத் திருத்தாதீர்கள். அந்தப் பேச்சைக் கேலி செய்வது எனக்குப் பொறுக்காத ஒன்று. முடிவில் கேட்டவர்கள் கேள்வி கேட்கட்டும். பதில் சொல்லும்போதுதான் பிள்ளை தாளை விட்டு முகம் பார்த்துப் பேசத் தொடங்குகிறது.